அப்பாவ சாப்பிட வரச் சொல்லு

என் அக்கா பிரேமினியும் அவள் புருஷன் ஜீவராஜ் மச்சானும் போன தை மாசம் வரைக்கும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசிக்கொண்டதில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள், "ஐயோ பாவம், என்னா சண்டை?" என்பார்கள். சண்டை ஒன்றும் கிடையாது. மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, தோட்டத்து லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவை விட்டுச் சொந்தமாகச் சின்ன வீடு கட்டிக் குடிவந்து, சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பேசுகிற வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். மச்சான் அதே தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறார். கல்யாணமாகி வந்தபோது மச்சானுடைய அம்மா, அப்பா, கல்யாணமாகாத தம்பிகள் இரண்டு பேர், எல்லாரும் ஒரே காம்பராவில். அத்தனை பேர் காதுக்கு முன்னால் புருஷனைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல அக்காவுக்கு வெட்கம். பேர் சொல்லிக் கூப்பிடுவதை நினைத்தே பார்க்க முடியாது. மச்சான் அவளைவிடக் கூச்சக்காரர். வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது தட்டை நீட்டினால் சாப்பிடுவார்.

அப்புறம் சர்மிளா பிறந்தாள். தலை நிற்காத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அக்கா ஒரு நாள் சத்தமாகச் சொன்னாள்: "பாப்பா, அப்பாவ சாப்பிட வரச் சொல்லு."

மச்சான் எழுந்து வந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, "பாப்பா, கொழம்பு நல்லாருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார்.

பாப்பா கொட்டாவி விட்டாள். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றைக்குத் தொடங்கியதுதான்.

மற்றப் பிள்ளைகள் "அம்மா" என்றோ "அப்பா" என்றோ பேசத் தொடங்கும். சர்மிளா தொடங்கியது "அப்பா தோறு" என்று. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகின உடனேயே "அப்பா தோறு!" என்று கத்துவாள். மச்சான் சிரித்துக்கொண்டு கை கழுவப் போவார். மாமியார், மாமனார் காலமாகி, தம்பிமார் ஆளுக்கொரு பக்கம் போய், அக்காவும் மச்சானும் புது வீட்டுக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் பானை சட்டிகளோடு சேர்ந்து கூடவே வந்துவிட்டது.

சர்மிளா வளர வளர வேலையில் கெட்டிக்காரியானாள். அக்கா அடுப்படியிலிருந்து, "அந்த மனுசன் இன்னொருக்கா செருப்ப நடு வீட்டுல கழட்டிப் போட்டா சாக்கடக் கானுக்குள்ள வீசிருவேன்னு சொல்லு" என்பாள். சர்மிளா இஸ்தோப்புக்குப் போய், "அப்பா, செருப்ப ஓரமா வைக்கணுமாம். அம்மாவுக்கு இருட்டுல கால் தடுக்குதாம், பாவம்" என்பாள். மச்சானுக்கு மனசு இளகிவிடும். அந்த வீட்டில் இருபது வருஷம் சண்டை வராமல் இருந்ததற்கு இந்தப் பிள்ளையின் வாய்தான் காரணம் என்று நான் எப்போதும் சொல்வேன்.

இரண்டாவது லோஜன். அவன் ஒவ்வொரு செய்தியிலும் தனக்கென்று கொஞ்சம் சேர்த்துக்கொள்வான். "அம்மா, அப்பா மீன் வாங்கியாந்திருக்காரு. எனக்கு ரெண்டு துண்டு வைக்கச் சொன்னாரு" என்பான். மூன்றாவது மதுரன். தங்கமான பிள்ளை, ஆனால் மறதி. "அப்பாகிட்ட ஓடிப் போய்ச் சொல்லு, கூரைத் தகரம் காத்துல தூக்குது" என்று அனுப்பினால், வழியில் றோட்டில் கிரிக்கெட் நடக்கும். இவனும் ரெண்டு ஓவர் போட்டுவிட்டு ஞாபகம் வந்து போய்ச் சொல்லும்போது தகரம் பக்கத்து வீட்டு லீக்ஸ் பாத்தியில் கிடக்கும்.

காலையில் அந்த வீட்டுக்குப் போனால் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குள் போன மாதிரி இருக்கும். அக்கா ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போக வேண்டும். மச்சான் லொறியை எடுக்க வேண்டும். மூன்று பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போக வேண்டும். "சர்மிளா லோஜன் மதுரன்" என்று மூன்று பேரையும் ஒரே பேராகச் சேர்த்து ஒரே மூச்சில் கூப்பிடுவாள் அக்கா. ஒரு கையால் ரொட்டி தட்டுவாள், மறு கையால் சர்மிளாவுக்கு ரிப்பன் கட்டுவாள், காலால் மதுரன் மாட்ட வேண்டிய சப்பாத்தை அவன் காலடிக்கு நகர்த்திவிடுவாள். ஒரு நாள் ரிப்பன் கட்டின கையில் மாவு இருந்து, சர்மிளா நரைத்த தலையோடு ஸ்கூலுக்குப் போனாள். வகுப்பில் இரண்டு நாள் அவளை "ஆயா" என்று கூப்பிட்டார்கள்.

பிள்ளைகள் வளர்கிறது வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் சர்மிளா தானே ரிப்பன் கட்டிக்கொண்டாள். பிறகு ரிப்பனே இல்லை. படிப்பு முடித்துக் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலைக்குப் போய் அங்கேயே வெள்ளவத்தையில் தங்கினாள். லோஜன் வேலைக்காகக் கட்டாருக்குப் போனான். மூன்று பேர் செய்த வேலை மதுரன் தலையில் விழுந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், பஸ் கண்டக்டர் குரலில், "அப்பா, சோறாம். அம்மா, வாறாராம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவான். அப்படிப் படித்தும் பாஸாகிவிட்டான். மட்டக்களப்புப் பக்கம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது.

அவனை பஸ் ஏற்றிவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா சோறு வடித்தாள். குழம்பை இறக்கிவைத்தாள். வழக்கம்போல் குரல் கொடுத்தாள்: "மதுரன், அப்பாவ..."

அதோடு நின்றுவிட்டாள். பானை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கொஞ்ச நேரம் அழுதாள். மச்சான் இஸ்தோப்பில் அந்தப் பாதிச் செய்தியைக் கேட்டார். பாதியைக் கேட்டு எழுந்து போகலாமா, மீதி வரும்வரை இருக்க வேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை. இருந்தார். சோறு ஆறிப்போனது. கடைசியில் அக்கா தட்டைக் கரண்டியால் தட்டினாள். டங் டங். மச்சான் வந்து சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்த வீடு சத்தத்தில் ஓடியது. தட்டுச் சத்தம் என்றால் சாப்பாடு. வாசலில் இருமல் என்றால் மச்சான் வந்துவிட்டார். கதவை இரண்டு தரம் ஆட்டினால் பால் விடாத பிளேன்டி வேண்டும். ஒரு நாள் மச்சானுக்கு உண்மையாகவே தடிமன் பிடித்து இருமினார். அக்கா நாலு தரம் கதவைத் திறந்து பார்த்தாளாம்.

பிறகுதான் அக்காவுக்குப் போன் ஞாபகம் வந்தது. லோஜன் கட்டாரிலிருந்து ஆளுக்கொரு போன் அனுப்பியிருந்தான். ஒரு சாயங்காலம் சர்மிளாவுடைய கந்தோரில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அம்மா அழைப்பு. பயந்துபோய் வெளியே ஓடி வந்து எடுத்திருக்கிறாள்.

"சர்மி, இங்க பெரிய மழ. அப்பா வெளிய நிக்கிறாரு. உள்ள வரச் சொல்லு."

சர்மிளா ஒன்றும் புரியாமல் அப்பாவை அழைத்தாள். "அப்பா, மழையாம். உள்ள போங்க."

"மழன்னு எனக்குத் தெரியும் மகள். நனைஞ்சிக்கிட்டுதான் இருக்கேன். உள்பக்கம் கொண்டி போட்டிருக்கு. அம்மாகிட்ட கதவத் தெறக்கச் சொல்லு."

மறுபடி அம்மாவுக்கு. "அம்மா, கதவத் தெறங்க!"

"அட, ஆமா!" என்று அக்கா கதவைத் திறந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைக் கதவு. செய்தி கொழும்புக்குப் போய் இரண்டு தரம் சுற்றி வந்தது.

அன்றிலிருந்து எங்கள் எல்லாருக்கும் ஓய்வில்லை. லோஜன் கட்டாரில் வேலை முடிந்து தூங்கத் தொடங்கும் நேரத்தில் அக்கா, "அப்பாகிட்ட கேளு, நாளைக்கு முருங்கக்கா வேணுமா, பீட்ரூட்டு வேணுமா?" என்று கேட்டு எழுப்புவாள். மதுரன் விரிவுரைக்கு நடுவே மேசைக்குக் கீழே குனிந்து, "அம்மா, அப்பா நீலச் சட்ட எங்கன்னு கேக்குறாரு" என்று குசுகுசுப்பான். நான் கினிகத்தேனையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு கல்யாண பிளவுஸின் கழுத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"ஜெயந்தினி, ஒங்க மச்சான் குளிக்கப் போயிருக்காரு. துண்ட எடுத்துக்கிட்டுப் போனாரான்னு கேளு."

"குளிக்கிற ஆள நான் எப்புடிக்கா கேக்குறது?" என்றேன். கழுத்து கோணலாகிப் போனது. அதற்குப் பிறகு மச்சான் குளிக்கப் போகும்போதும் போனைப் பொலித்தீன் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். எதற்கும் இருக்கட்டும் என்று.

பிள்ளைகள் மூன்று பேரும் என்னையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். அதற்கு லோஜன் வைத்த பேர் "தபால் கந்தோர்". யார் எந்தச் செய்தியைக் கொண்டுபோனது, யாருக்கு இன்றைக்கு லீவு என்றெல்லாம் அதில் பேசிக்கொள்வோம். தை மாசம் சர்மிளா அதில் எழுதினாள்: "இப்பிடியே போனா நம்ம எல்லாருக்கும் வேல போயிரும். ஒரு நாள் ஸ்ட்ரைக் பண்ணுவோம்."

அதற்குத் தோதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மச்சானோடு லொறியில் வேலை செய்கிற பிரதாப்பின் தங்கச்சிக்கு நுவரெலியாவில் கல்யாணம். அக்காவும் மச்சானும் மட்டும் போகிறார்கள். முதல் நாள் சாயங்காலம் சர்மிளா இரண்டு பேருக்கும் குரல் செய்தி அனுப்பினாள்: "அம்மா, அப்பா, நாளைக்குப் பொழுது சாயிற வரைக்கும் தபால் கந்தோர் லீவு. நான், லோஜன், மதுரன், சின்னம்மா எல்லாரும் போன நிப்பாட்டி வைக்கப் போறோம். பத்திரமாப் போயிட்டு வாங்க."

அக்கா உடனே எனக்குப் போன் அடித்தாள். நான் போனை நிப்பாட்டிவிட்டேன்.

அடுத்த நாள் நடந்ததை அக்கா எனக்குச் சொன்னாள், மச்சான் திருத்தினார், மச்சான் சொன்னதை அக்கா திருத்தினாள். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஹட்டனில் நுவரெலியா பஸ்ஸில் ஏறினார்கள். மச்சான் ஜன்னல் பக்கம், அக்கா பக்கத்தில். கொட்டகலை தாண்டினதும் குளிர்காற்று உள்ளே அடித்தது. அக்கா பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன் சீட்டைப் பார்த்துச் சொன்னாள்: "குளிருது."

மச்சான் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "குளிருதுதான்."

"யாராச்சும் ஜன்னலச் சாத்துனா நல்லாருக்கும்."

"சாத்தலாம். சாத்தச் சொன்னாச் சாத்தலாம்."

சொல்வதற்கு ஆளில்லை. அந்த நேரம் கண்டக்டர் டிக்கட் போட வந்தான். அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, இவர அந்த ஜன்னலச் சாத்தச் சொல்லுங்க."

கண்டக்டர் இரண்டு பேரையும் பார்த்தான். "அண்ணே, அக்கா ஜன்னலச் சாத்தச் சொல்றாங்க."

மச்சான் சாத்தினார். "தம்பி, சாத்தியாச்சுன்னு சொல்லுங்க."

"அக்கா, சாத்திட்டாராம்."

பாவம், தலவாக்கலை வருவதற்குள் அந்தப் பிள்ளைக்கு நல்ல பழக்கமாகிவிட்டது. ஒரு முறுக்குப் பொட்டலத்தைக் கைமாற்றிக் கொடுத்தான். நானுஓயாவில் அவனே வந்து, "அக்கா, அண்ணனுக்கு ஏதாவது சொல்லணுமா? நான் முன்னால போறேன்" என்று கேட்டானாம். இறங்கும்போது மெல்லக் கேட்டான்: "ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"சண்டையா? இல்லையே!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிட்டது.

கல்யாணம் மத்தியானத்துக்கு முன்னாலேயே முடிந்தது. சாப்பிட்டார்கள். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கிரகரி வாவிப் பக்கம் நடந்தார்கள். பஸ்ஸுக்கு அவசரமில்லை, வீட்டில் காத்திருக்கப் பிள்ளைகளும் இல்லை.

அந்த வாவிக்கு அவர்கள் எத்தனையோ தரம் வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் படகில் போவார்கள், குதிரையில் போவார்கள். அக்காவும் மச்சானும் புல்லில் உட்கார்ந்து பிள்ளைகளின் செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்வார்கள். அன்றைக்கும் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்காவுக்குத்தான் தோன்றியது, பார்த்துக்கொள்ள ஒரு செருப்பும் இல்லை என்று. தன் கால் செருப்பைப் பார்த்தாள். மச்சானும் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாள் என்று கேட்க ஆளில்லாததால் மச்சானும் சிரித்தார்.

கரையில் அன்னப் படகுகள் நின்றன. பெரிய வெள்ளை அன்னம், உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்து காலால் மிதிக்க வேண்டும், நடுவில் திருப்புவதற்கு ஒரு பிடி. மச்சான் அதைப் பார்த்தார். அக்கா அவர் பார்ப்பதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் எழுந்து போய்ச் சீட்டு வாங்கினார்கள். படகுக்காரப் பையன் ஆளுக்கொரு செம்மஞ்சள் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டான். பட்டுச்சேலைக்கு மேலே அதைப் போட்டதும் தான் லேபல் ஒட்டின ஜாம் போத்தல் மாதிரி இருந்ததாக அக்கா சொல்கிறாள்.

மச்சான் பொகவந்தலாவை றோட்டில், ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம், அந்தக் கொண்டை ஊசி வளைவில் முழு லொறியையும் ஒரே பிடியில் திருப்புகிறவர். அந்த அன்னத்தை அவரால் திருப்ப முடியவில்லை. காரணம், அவர் பிடியை வலது பக்கம் தள்ளினார், அதே பிடியை அக்கா இடது பக்கம் தள்ளினாள். ஒருவருக்கொருவர் சொல்லாமல். மிதிப்பதிலும் அப்படியே. அன்னம் வாவியின் நடுவில் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது.

"எங்கிட்டுத் திருப்புறாருன்னு தெரியலையே" என்று அக்கா அன்னத்தின் கழுத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கைய எடுத்தா நான் திருப்பிருவேன்" என்று மச்சானும் அன்னத்திடமே சொன்னார்.

அன்னம் யாரிடமும் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. குதிரைகள் தெரிந்தன, பிறகு மலை, பிறகு சோளம் சுடுகிற வண்டிகள், பிறகு திரும்பவும் குதிரைகள். அக்காவுக்குத் தலை கிறுகிறுத்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் படகு பக்கத்தில் பாய்ந்து போனது. அலை வந்து மோதி அன்னம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, இருபத்தைந்து வருஷக் காற்றை ஒரே மூச்சில் வெளியே விட்டுக் கத்தினாள்.

"ஜீவராஜ்!"

அலை போய்விட்டது. அன்னம் நிமிர்ந்தது. அக்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். கரையில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் வாயைத் திறந்தபடி இருந்தார்.

"என்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"சொன்ன. என் பேரச் சொன்ன."

"அது... பயத்துல வந்துருச்சுங்க."

"இன்னொருக்காச் சொல்லு."

"மாட்டேன் போங்க!"

மச்சான் சிரிக்கத் தொடங்கினார். அக்கா அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லையாம். மிதிக்கிற காலை எடுத்துவிட்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டார், மிதவைச் சட்டை கன்னத்தில் ஏறியது. அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. அன்னம் தன் பாட்டுக்கு மிதந்து போனது. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது, கூச்சம் எங்கே போனது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பிறகு பேச்சைப் பேச்சு பிடித்துக்கொண்டது. எதை முதலில் பேசுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பேசினார்கள்.

"நான் நீலச் சேல கட்டுனப்ப நல்லாருக்குன்னு சொல்லி அனுப்புனீங்களே, சர்மி ஸ்கூல் பரிசளிப்பு விழாவுக்கு," என்றாள் அக்கா. "அத நான் யாருகிட்டயும் சொல்லல. ஆனா அதுக்குப் பொறகு எந்த விசேசத்துக்கும் அதத்தான் கட்டுனேன்."

மச்சான் யோசித்தார். "நான் எப்ப சொன்னேன்?"

"சர்மி வந்து சொன்னாளே."

"நான் சொல்லலையே புள்ள." அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "சொல்லல. ஆனா நெனச்சேன். அவளுக்கு எப்புடித் தெரிஞ்சுச்சோ."

அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது போகட்டும்," என்று மச்சான் மீசையைத் தடவிக்கொண்டார். "நீயும்தான் சொல்லி அனுப்புன. மீச வச்சா பெரிய தொர மாதிரி இருக்கேன்னு. அதனாலதான் இத்தன வருசமா இத வளக்குறேன். கஞ்சி குடிக்கக்கூட கஷ்டம்."

"நானா? யாரு சொன்னா?"

"லோஜன்."

"அவன் என்னா கேட்டான் அன்னைக்கு?"

மச்சான் யோசித்தார். முகம் மெல்ல மெல்ல விழுந்தது. "சைக்கிள்."

அக்காவால் அடக்க முடியவில்லை. "எனக்கு அந்த மீசையக் கண்டாலே ஆகாது! கொழம்பெல்லாம் அதுலதான் நிக்குது. சொல்லச் சொல்லி எத்தன தரம் சர்மிகிட்டச் சொன்னேன்!"

"சர்மி வந்து, அம்மாவுக்கு ஒங்க மீச மேல ரொம்ப அக்கறன்னு சொன்னா."

அடுத்த சிரிப்பில் அன்னம் உண்மையாகவே கவிழப் பார்த்தது. நேரம் முடிந்து படகுக்காரப் பையன் விசில் ஊதினான். சிங்களத்தில் கூப்பிட்டான். கையை ஆட்டினான். இவர்கள் அவனுக்கு டாட்டா காட்டினார்கள். கடைசியில் அவன் வேறொரு படகில் வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். இழுபடுகிற அன்னத்துக்குள்ளும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள்.

பொழுது சாய்ந்ததும் நாங்கள் போன்களைத் திறந்தோம். அம்மா அழைத்தது நிறைய விழுந்திருக்கும் என்று சர்மிளா பயந்துகொண்டு திறந்தாள். ஒன்றுகூட இல்லை. மதுரனுக்கும் இல்லை. எனக்கும் இல்லை. சர்மிளா அம்மாவுக்கு அடித்தாள். மணி போகிறது, எடுக்கவில்லை. அப்பாவுக்கும் அப்படியே. உடனே எங்கள் எல்லாரையும் ஒரே அழைப்பில் கூப்பிட்டாள்.

"சின்னம்மா, ரெண்டு பேரும் எடுக்க மாட்டேங்குறாங்க!"

"பஸ்ஸுல இருப்பாங்க மகள்."

"பஸ்ஸுல இருந்தா ஏன் எடுக்கல? சண்ட போட்டுட்டாங்களா? ஆளுக்கொரு பஸ்ஸுல ஏறிட்டாங்களா?"

லோஜன் பொலிசில் சொல்லலாம் என்றான். மதுரன், "எல்லாம் ஒன்னாலதான்க்கா, ஸ்ட்ரைக் ஒன்னோட ஐடியா" என்று அழத் தொடங்கினான். கல்யாண வீட்டுக்காரரின் நம்பர் யாரிடமும் இல்லை. நானும் கடையைச் சாத்திவிட்டு ஹட்டனுக்கு பஸ் பிடிக்கலாமா என்று குடையைக் கையில் எடுத்துவிட்டேன். பிள்ளைகள் நேரத்துக்கு வீடு வந்து சேராதபோது தாய் தகப்பன் படுகிற பதற்றத்தை அன்றைக்குத் தாய் தகப்பனுக்காகப் பிள்ளைகள் பட்டார்கள்.

அப்போது சர்மிளாவுக்கு அம்மா போனிலிருந்து ஒரு படம் வந்தது. அவள் அதைத் தபால் கந்தோரில் போட்டாள். நுவரெலியாக் கடைத்தெரு. அக்கா கையில் சுட்ட சோளத்தோடு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆள் நெருங்கி நின்றுகொண்டிருக்கிறார்.

லோஜன் உடனே எழுதினான்: "அம்மா பக்கத்துல யாரு அந்த ஆளு?"

மதுரன்: "அப்பா எங்க?"

எனக்கும் அடையாளம் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டை தெரிந்த சட்டை. மூக்குக்குக் கீழே வெயில் படாத ஒரு வெள்ளைக் கோடு. அப்போதுதான் புரிந்தது. வாவியிலிருந்து நேராகச் சலூனுக்குப் போயிருக்கிறார்கள். படம் எடுக்கும் வரைக்கும் போன் இரண்டும் தாம்பூலப் பைக்குள் தேங்காய்க்கு அடியில் கிடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டையும் போட்டார்கள். ஒரு வாரத்துக்குள்ளேயே. செருப்பு விஷயம்தான். சர்மிளா இடையில் இல்லாததால் அக்கா சொன்னது அப்படியே முழுசாக மச்சான் காதில் விழுந்தது. கானுக்குள் வீசவும் செய்தாள். மச்சான் வெறுங்காலோடு லொறி ஓட்டப் போனார். இரண்டு நாள் ஒருவரையொருவர் பார்த்து உர்ரென்று இருந்தார்கள். மூன்றாம் நாள் அக்கா எனக்குப் போன் பண்ணி, "ஜெயந்தினி, இப்பதான் எங்களுக்குக் கல்யாணமான மாதிரி இருக்கு" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

பேர் சொல்லி அவள் கூப்பிடுவதில்லை. நாலு பேர் இருக்கும்போது "டிரைவரே" என்பாள். மச்சான் அவளை "பிரேமி" என்கிறார். தனியாக இருக்கும்போது என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

இந்தத் தீபாவளிக்கு லோஜனுக்கும் லீவு கிடைத்து மூன்று பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நானும் போனேன். சர்மிளாவுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, சுமன் என்று பேர், அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் வாயை மூடினால்தானே? காலையில் அடுப்படியில் தொடங்கினால், மழை, லொறி டயர், யார் வீட்டுப் பசு கன்று போட்டது என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் சர்மிளா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கும் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அப்பாவுக்கும் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கிப் பொலிஸ்காரி மாதிரி நிறுத்திவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள். அக்கா உடனே மச்சானைப் பார்த்து, "நான் சொல்லல? ரெண்டு மாசத்துக்கு முந்தியே சொன்னேனா இல்லையா?" என்றாள். "நீ சொன்னது வேற பையன்" என்றார் மச்சான். அங்கே தொடங்கிவிட்டார்கள். சர்மிளா நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்மதமா இல்லையா என்று அவளுக்கு அன்று பின்னேரம்தான் தெரிந்தது. சம்மதம்தான்.

போன மாசம் நான் போன ஒரு நாள், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கரட் போடுவதா, உருளைக்கிழங்கு போடுவதா என்று பேச்சு. பனி இறங்கி மலையே மறைந்துவிட்டது. அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உருளைக்கிழங்கின் பெருமையைச் சொல்கிறாள், மச்சான் வரப்பில் குந்திக்கொண்டு கரட்டுக்காக வாதாடுகிறார். நான் வந்ததற்கு ஒரு பிளேன்டி கொடுத்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று, "அக்கா, மச்சான், நான் போயிட்டு வாறேன்" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே இறங்கி வந்துவிட்டேன். றோட்டு வளைவுக்கு வந்த பிறகும் பனிக்குள்ளிருந்து அவர்கள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு ஜெயிக்கிற மாதிரித்தான் தெரிந்தது.